வாய் ஒன்று சொல்லும்! கை ஒன்று செய்யும்!

சாயங்காலம் 6 மணி. காய்கறி மார்க்கெட்டில் கூட்டம் நெரிகிறது.

வாசலில் ஒரு கல்லூரி மாணவி நிற்கிறாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். உள்ளே போகிற ஓர் அம்மாவை அவள் நிறுத்துகிறாள்.

"அம்மா, 2 நிமிஷம். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறேன். 2 கேள்விதான் கேட்கணும்."

"கேளும்மா."

"பூமிக்குக் கெடுதல் செய்யாத சாமான் என்றால், விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குவீங்களா?"

"வாங்குவேன். நம்ம பிள்ளைங்களுக்குத்தானே நல்லது!"

"பிளாஸ்டிக் பை வேண்டாம்னு சொல்வீங்களா?"

"நிச்சயமா சொல்வேன். சாக்கடை எல்லாம் அடைச்சுக்குது. மாடு வேற தின்னுடுது."

மாணவி 2 கட்டங்களில் 'டிக்' போடுகிறாள். நன்றி சொல்கிறாள்.

அந்த அம்மா 4 அடி நடக்கிறார். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறார். கடைக்காரரிடம் கையை நீட்டுகிறார்.

"ஒரு கவர்ல போட்டுக் குடுப்பா!"

மாணவி இதைப் பார்த்துவிட்டாள். கையில் உள்ள காகிதம் ஒன்று சொல்கிறது. கண் பார்த்தது வேறொன்று. அவள் எதை எழுதுவாள்?

இது ஒரு உதாரணம்தான். ஆனால் எந்த ஊர் மார்க்கெட்டிலும் இது நடக்கலாம். அந்த அம்மா பொய் சொன்னாரா? இல்லை. அவர் மனதில் உள்ளதைத்தான் சொன்னார். பிறகு ஏன் இப்படி நடந்தது?

அந்த 'ஏன்' என்பதில்தான் ஒரு நல்ல ஆராய்ச்சி ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி? அதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பச்சை இலை போட்ட சோப்பு

கடைக்குப் போகிறீர்கள். ஒரு சோப்பு உறையில் பச்சை இலை படம் போட்டிருக்கிறது. "இயற்கையானது" என்று எழுதியிருக்கிறது. இன்னொரு பெட்டியில் "மண்ணில் மக்கும்" என்று இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. "எங்கள் பொருள் பூமியைக் காக்கும், ஆகவே இதை வாங்குங்கள்" என்று கம்பெனிகள் சொல்கின்றன.

இப்படிச் சொல்லி விற்பதற்குக் கல்லூரிப் புத்தகத்தில் 'பசுமைச் சந்தைப்படுத்துதல்' என்று பெயர். நாம் சுருக்கமாக, 'பசுமை வியாபாரம்' என்று சொல்லலாம்.

வணிகவியல் படிக்கிற பிள்ளைகளும், நிர்வாகவியல் படிக்கிற பிள்ளைகளும் படிப்பு முடியும் காலத்தில் ஒரு ஆராய்ச்சி எழுதவேண்டும். பலர் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறார்கள். "பசுமை வியாபாரத்தைப் பார்த்து மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்?" என்று ஆராய விரும்புகிறார்கள்.

நல்ல விஷயம்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் முதல் படியிலேயே பலருக்குக் கால் இடறுகிறது. எதை ஆராய்வது என்று தெரிகிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியவில்லை!

ஊர் பெயர் போதுமா?

"மதுரையில் எங்கள் மாமா இருக்கிறார்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதுமா? "எந்தத் தெரு? எத்தனையாம் நம்பர் வீடு?" என்று அவர் கேட்பார் அல்லவா?

ஆராய்ச்சியும் அப்படித்தான். 'பசுமை வியாபாரமும் மக்கள் நடத்தையும்' என்பது ஊர் பெயர். அது தலைப்பு. கேள்வி என்பது கதவு நம்பர். கதவு நம்பர் தெரியாமல் புறப்பட்டால் ஊரைச் சுற்றலாம். வீடு போய்ச் சேர முடியாது.

கதவு நம்பர் இல்லாமல் புறப்பட்ட மாணவர் என்ன செய்வார்? 20 கேள்விகளை அச்சடிப்பார். "சுற்றுச்சூழலைக் காப்பது அவசியமா?" என்று கேட்பார். யார் 'அவசியம் இல்லை' என்று சொல்லப்போகிறார்கள்? 100 பேரும் 'அவசியம்' என்பார்கள்.

நாள் நெருங்கும். 100 காகிதம் தேறாது. விடுதியில் உள்ள நண்பர்களை உட்காரவைத்து மீதியை நிரப்புவார். சில சமயம் தாமே நிரப்பிவிடுவார்.

கடைசியில், "மக்களுக்கு விழிப்புணர்ச்சி இருக்கிறது, இன்னும் அதிகம் வேண்டும்" என்று முடிவு எழுதுவார். இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாமே! அதற்கு ஏன் இத்தனை மாதம்? ஏன் இத்தனை பஸ் செலவு?

பட்டம் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஊருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆகவே முதல் பாடம் இது: விடை முன்பே தெரிந்திருந்தால், அது கேள்வியே அல்ல!

ஒரு துண்டு செய்த புரட்சி

நல்ல கேள்வி எப்படி இருக்கும்? அமெரிக்காவில் ஓர் ஓட்டலில் நடந்ததைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஓட்டல் அறைகளில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள். "பூமியைக் காப்போம். குளித்த துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடியும் உபயோகியுங்கள்" என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த அட்டை ஒரு புதுச் சொல்லையே பிறப்பித்தது. 1986-ம் ஆண்டு ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். "இது பூமி மேல் உள்ள அக்கறையா? இல்லை, சலவைச் செலவை மிச்சம் பிடிக்கும் வழியா?" என்று இந்த அட்டையைக் குத்திக் காட்டினார். சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல், வியாபாரத்துக்குப் பச்சை அடிக்கிறார்கள் என்றார். 'கிரீன்வாஷ்' என்ற சொல் அப்படித்தான் பரவியது. தமிழில் 'பச்சைப் பூச்சு' என்று சொல்லலாம்.

பிறகு 3 அறிஞர்கள் இதே அட்டையை எடுத்துக்கொண்டார்கள். நோவா கோல்ட்ஸ்டைன், ராபர்ட் சியால்டினி, விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் என்பது அவர்களுடைய பெயர்கள்.

அவர்கள் "மக்களுக்குப் பூமி மேல் அன்பு இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. மிகச் சிறிய ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அட்டையில் எந்த வாக்கியம் எழுதினால், அதிகம் பேர் துண்டை மறுபடி உபயோகிப்பார்கள்?"

அவ்வளவுதான்!

அறை சுத்தம் செய்தவர்கள் சொன்ன கணக்கு

2 விதமான அட்டைகளை அச்சடித்தார்கள். ஓர் அட்டையில், "சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்" என்று வழக்கம்போல் இருந்தது. இன்னோர் அட்டையில், "இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி உபயோகிக்கிறார்கள். நீங்களும் சேருங்கள்" என்று இருந்தது.

190 அறைகள். 80 நாட்கள். எந்த அறையில் எந்த அட்டை என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். விருந்தாளிகளிடம் யாரும் போய் எதுவும் கேட்கவில்லை. அறையைச் சுத்தம் செய்கிற பணியாளர்கள், துண்டு துவைக்கப் போடப்பட்டிருக்கிறதா, கொடியில் தொங்குகிறதா என்று பார்த்துக் குறித்தார்கள்.

கணக்கு என்ன வந்தது?

வழக்கமான அட்டையைப் பார்த்தவர்களில் 100-க்கு 35 பேர் துண்டை மறுபடி உபயோகித்தார்கள். 'மற்றவர்கள் செய்கிறார்கள்' என்ற அட்டையைப் பார்த்தவர்களில் 100-க்கு 44 பேர் உபயோகித்தார்கள்.

ஒரு வாக்கியத்தை மாற்றினார்கள். 9 பேர் கூடிவிட்டார்கள்!

அதோடு அவர்கள் நிற்கவில்லை. மறுபடியும் ஒரு சோதனை செய்தார்கள். அதில் ஓர் அட்டையில், "இதே அறையில் முன்பு தங்கியவர்களில் பெரும்பாலோர் செய்தார்கள்" என்று எழுதினார்கள். அதைப் பார்த்தவர்களில் 100-க்கு 49 பேர் துண்டை மறுபடி உபயோகித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. "உங்களுக்கு எது முக்கியம்? நாட்டுக் குடிமகன் என்பதா? ஆண், பெண் என்பதா? ஒரு அறையில் தங்கியவர் என்பதா?" என்று தனியாகச் சிலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அறையில் தங்கியவர் என்பது ஒன்றும் பெரிதல்ல என்றுதான் மக்கள் சொன்னார்கள். ஆனால் கையை அசைத்தது அந்த அறைதான்!

வாய் சொன்னது ஒன்று. கை செய்தது ஒன்று. இந்த ஆராய்ச்சி 2008-ம் ஆண்டு வெளிவந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஜெர்மனியில் வேறு விடை

"அமெரிக்காவில்தான் கண்டுபிடித்துவிட்டார்களே! நம் பிள்ளைகள் மறுபடி ஏன் ஆராயவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஜெர்மனியில் 2 ஆராய்ச்சியாளர்கள் இதே அட்டைகளை அந்நாட்டு ஓட்டல்களில் வைத்துப் பார்த்தார்கள். அதன் விவரம் 2014-ம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவில் கிடைத்த வித்தியாசம் அங்கே கிடைக்கவில்லை!

அமெரிக்கர்கள் செய்தது பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஊர் மாறினால் மக்கள் பழக்கமும் மாறலாம். ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்காமல் போகலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே, "யாரோ முன்பே கேட்டுவிட்டார்களே" என்று எந்த மாணவரும் மனம் தளரவேண்டாம். அதே கேள்வியை நம் ஊரில் கேளுங்கள். அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் முன்னால் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

5 காசு கொடுப்பதும் 5 காசு பிடிப்பதும்

இன்னோர் உதாரணம். இது பை பற்றியது. நம் கத்தரிக்காய் அம்மாவுக்கு அருகில் வருகிறோம்.

அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனை அடுத்து மாண்ட்கோமரி என்ற வட்டாரம் இருக்கிறது. அந்தப் பகுதிகளில் சில கடைகள் ஒரு சலுகை கொடுத்துவந்தன. வீட்டிலிருந்து பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி. (100 சென்ட் சேர்ந்தால் 1 டாலர்.)

2012-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்த வட்டாரத்தில் ஒரு வரி வந்தது. கடையில் பை வாங்கினால் 5 சென்ட் கட்டவேண்டும்.

கொடுப்பதும் 5 சென்ட். பிடிப்பதும் 5 சென்ட். 2-ம் ஒன்றுதானே? கணக்குப் புத்தகம் 'ஆமாம்' என்று சொல்லும்.

டட்டியானா ஹோமனாஃப் என்ற பொருளாதார அறிஞர், "உண்மையிலேயே 2-ம் ஒன்றா?" என்று கேட்டார். கடைகளில் மக்கள் எந்தப் பையில் சாமானை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துக் கணக்கு எடுக்கப்பட்டது.

வரிக்கு முன்பு 100-க்கு 82 பேர் கடைப் பையை வாங்கினார்கள். வரிக்குப் பிறகு 100-க்கு 40 பேர்தான் வாங்கினார்கள். பாதியாகக் குறைந்துவிட்டது! ஆனால் 5 சென்ட் தள்ளுபடிக்குப் பலனே இல்லை என்று சொல்லும்படி இருந்தது.

கையில் வருகிற காசைவிட, கையைவிட்டுப் போகிற காசு மனிதனை அதிகம் சுடுகிறது. 2018-ம் ஆண்டு இந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது.

இதிலும் கேள்வி சின்னது. அதற்கு 'ஆமாம்' என்றும் விடை வரலாம். 'இல்லை' என்றும் விடை வரலாம். அதுதான் அதன் சிறப்பு.

நம் ஊர் மஞ்சப்பை

இனி நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது. 2022-ல் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் ஒரு எந்திரம் வைத்தார்கள். 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை வரும். பிறகு வேறு பல இடங்களிலும் வைத்தார்கள்.

ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் தாம்பூலத்துடன் கிடைத்த பை. பிறகு, "மஞ்சப்பைக்காரன்" என்று கேலி செய்யப்பட்ட பை. அது இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

ஆனால் கேள்வியை எப்படிப் போடுவது?

"மஞ்சப்பை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்?" இது ஊர் பெயர். வேண்டாம்.

"மக்கள் மஞ்சப்பையை விரும்புகிறார்களா?" இதற்கு எல்லோரும் 'ஆமாம்' என்பார்கள். வேண்டாம்.

"மளிகைக் கடை வாசலில், 'இங்கே வருபவர்களில் பலர் பை கொண்டு வருகிறார்கள்' என்று ஒரு அட்டை தொங்கவிட்டால், பை கொண்டு வருகிறவர்கள் கூடுவார்களா?" ஆகா! இது கதவு நம்பர்!

அட்டையில் பொய் எழுதக்கூடாது. முதலில் எண்ணுங்கள். பலர் கொண்டு வருவது உண்மையாக இருந்தால்தான் அப்படி எழுதலாம்.

செய்வது எப்படி?

2 கடைகளைப் பிடியுங்கள். கடைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

முதல் 2 வாரம் வடக்குத் தெருக் கடையில் அட்டை தொங்கட்டும். தெற்குத் தெருக் கடையில் வேண்டாம். அடுத்த 2 வாரம் மாற்றுங்கள். தெற்கே தொங்கட்டும். வடக்கே வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் வாசலில் நில்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை பேர் பையுடன் வந்தார்கள்? 2 கோடு போடுங்கள். யார் பெயரும் வேண்டாம். யாரையும் படம் பிடிக்கவேண்டாம்.

"ஒரு கடையே போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. அட்டை தொங்குகிற 2 வாரத்தில் தீபாவளி வந்துவிட்டால்? நிறையச் சாமான் வாங்க எல்லோரும் பெரிய பையோடு வருவார்கள். அட்டையால் வந்ததா, தீபாவளியால் வந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? 2-வது கடை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அங்கேயும் கூட்டம் பையோடு வந்தால், அது தீபாவளி செய்த வேலை!

இந்த ஆராய்ச்சிக்கு என்ன செலவு? 2 அட்டை, ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

பானைப் படம் எத்தனை பேருக்குத் தெரியும்?

பை மட்டுமல்ல. சாமான் உறையில் உள்ள முத்திரைகளையும் ஆராயலாம். இதில் உங்கள் வீட்டுப் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

1991-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் 'ஈகோமார்க்' என்று ஒரு முத்திரைத் திட்டம் கொண்டுவந்தது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவான சாமான்களுக்கு இந்த முத்திரை. அதன் அடையாளம் என்ன தெரியுமா? நம் மண்பானைதான்! மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே போகிற பொருள் என்பதால் பானையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்குப் புது விதிகள் வந்தன.

2006-ல் மின்சாரச் சாமான்களுக்கு நட்சத்திர முத்திரை வந்தது. 1 முதல் 5 வரை. ஒரே அளவுள்ள பெட்டிகளில் நட்சத்திரம் கூடினால் மின்சாரச் செலவு குறையும்.

இவை அரசாங்கம் வகுத்த முத்திரைகள். ஆனால் சோப்பு உறையில் உள்ள பச்சை இலை? அதை யார் கொடுத்தார்கள்? பல சமயங்களில் அது கம்பெனியின் ஓவியர் வரைந்த படம்தான்!

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பச்சைப் பூச்சைத் தடுக்க விதிமுறைகளை வெளியிட்டது. 'பசுமையானது', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று வெறுமனே சொல்லக்கூடாது. சொன்னால் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்று அதில் இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மக்கள் எதை நம்புகிறார்கள்? இதோ ஒரு கேள்வி:

"சோப்பு உறையில் வெறும் இலை படம் இருந்தால் மக்கள் அதை நம்பி அதிக விலை கொடுப்பார்களா? மண்பானை முத்திரை இருந்தால் கொடுப்பார்களா?"

ஒரே மாதிரி 3 உறை தயார் செய்யுங்கள். ஒன்றில் இலை. ஒன்றில் பானை. ஒன்றில் எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒரே உறையைத்தான் காட்டவேண்டும். 3-ஐயும் காட்டினால் அவர் உஷாராகிவிடுவார்! "இதற்கு என்ன விலை கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கடைசியில், இது ஆராய்ச்சிக்காகச் செய்த உறை, விற்பனைக்கு அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

இலைக்கு அதிக விலையும், பானைக்குக் குறைந்த விலையும் வந்தால் என்ன அர்த்தம்? வெறும் படத்துக்கு நாம் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு! இதைத் தெரிந்துகொள்வது ஊருக்கு எவ்வளவு நல்லது!

இந்த ஆராய்ச்சியிலும் ஒரு குறை உண்டு. விலையை மக்கள் வாயால்தான் சொல்கிறார்கள். காசை எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை மாணவர் மறைக்கக்கூடாது. ஆராய்ச்சியிலேயே எழுதிவிட வேண்டும்.

5 சோதனைகள்

உங்கள் பிள்ளை ஒரு கேள்வியோடு வந்தால், நீங்களே அதைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. இந்த 5-ஐயும் கேளுங்கள்.

1. இதற்கு 'இல்லை' என்று விடை வர வழி இருக்கிறதா? வழி இல்லை என்றால், அது கேள்வி அல்ல.

2. விடையைக் கண்ணால் பார்க்க முடியுமா? கையால் எண்ண முடியுமா? வாயால் சொல்வதை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

3. எதோடு எதை ஒப்பிடுகிறாய்? '100-க்கு 30 பேர் பை கொண்டுவந்தார்கள்' என்றால் அது கூடுதலா, குறைவா? இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

4. உன் நேரத்துக்கும் பஸ் காசுக்கும் அடங்குமா? 2 கடையை ஒழுங்காகப் பார்ப்பது, தமிழ்நாடு முழுவதையும் பார்த்ததாகச் சொல்வதைவிட மேல்.

5. விடை கிடைத்தால் யாருக்குப் பிரயோஜனம்? கடைக்காரருக்கா? நகராட்சிக்கா? வாங்குகிற குடும்பத்துக்கா? யாருக்கும் இல்லை என்றால் வேறு கேள்வி தேடு.

ஐந்திலும் தேறினால் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "3 வாரம் ஆகிவிட்டது. இன்னும் கேள்வியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாயா?" என்று பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டுகிற நாளில் வீடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாள் வீண் அல்ல.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நினைத்தது நடக்கவில்லை என்றால் கணக்கை மாற்றாதீர்கள். அட்டை தொங்கவிட்டும் பை கூடவில்லையா? 'கூடவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். ஜெர்மனியில் அப்படித்தானே எழுதினார்கள்!

கதவுக்குப் பின்னால் ஒரு பை

அந்த மார்க்கெட்டு மாணவி என்ன ஆனாள்?

அவள் காகிதக் கட்டை மடித்துப் பையில் வைத்தாள். கத்தரிக்காயோடு திரும்பி வந்த அம்மாவிடம் மறுபடியும் போனாள். குற்றம் சொல்கிற குரலில் பேசவில்லை. பெற்ற தாயிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அம்மா, வீட்டுல துணிப்பை இருக்கா?"

அம்மா கையில் தொங்கிய கவரைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இருக்கும்மா. 4 பை இருக்கு. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால தொங்குது. நான் வேலையை விட்டு நேரா இங்க வர்றேன். காலைல பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல பை எங்க ஞாபகம் வருது?"

மாணவி நோட்டைத் திறந்தாள். பழைய 20 கேள்விகளையும் குறுக்கே அடித்தாள். புதிதாக ஒரே ஒரு வரி எழுதினாள்.

"வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு வருகிறவர்களைவிட, வேலையிலிருந்து நேராக வருகிறவர்கள் பை கொண்டு வருவது குறைவா?"

எண்ணலாம். ஒப்பிடலாம். 'இல்லை' என்றும் விடை வரலாம். 'ஆமாம்' என்று வந்தால், மக்களுக்கு அக்கறை இல்லை என்று திட்டுவதை நிறுத்திவிடலாம். பஸ் நிலையத்தில் பை கிடைக்க வழி செய்யலாம். கைப்பைக்குள் மடித்து வைக்கிற சின்னப் பை தைத்து விற்கலாம்.

மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கு அவள் மறுபடியும் மார்க்கெட்டு வாசலில் நின்றாள். இந்தத் தடவை கையில் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்தான் இருந்தன.